பிறர் கடிதங்களும் என் புத்தகங்களும்

(மாங்குளம் – முல்லைத்தீவு வீதியை அண்டிய கிராமமொன்றில் உப தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் இம்மாத வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.)

கேள்வி: ஐயா, துணைவியார் காலமான பின்னரும், பிள்ளைகள் வெளிநாட்டுக்கு அழைத்தும் போகாமல் ஊரிலேயே தனியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். துணை என்று இப்போது எதைச் சொல்வீர்கள்? — வாசகி, முள்ளியவளை

பதில்: தனியாக இருக்கிறேன் என்பது பாதி உண்மைதான், தங்கச்சி. நம் கோயில்களில் புராணபடனம் நடக்கும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் அதற்குப் பயன் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வாசிப்பவருக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிந்தால், பயன் சொல்பவர் ஓர் உவமையை வேண்டுமென்றே நீட்டி அவருக்கு இளைப்பாற இடங்கொடுப்பார். துணை என்ற சொல்லைக் கேட்டால் என் மனத்தில் வருவது அந்த நீட்டல்தான்.

நாற்பத்தொரு ஆண்டுகள் எங்கள் வீட்டிலும் அது நடந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன்; அவர் உளுந்து புடைத்துக்கொண்டே பயன் சொல்வார். அந்தப் பயன் எந்த உரையாசிரியரோடும் ஒத்துப்போனதில்லை. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், பத்திரிகைகூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்களில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஓர் இரவுக்கு ஒன்றரைப் பக்கம் என்று அவரே அளவு வைத்திருந்தார். கதை எவ்வளவு இறுக்கமான இடத்தில் நின்றாலும் விளக்கை அணைத்துவிடுவார். மண்ணெண்ணெய்க் கணக்கில் அவருக்கு இலக்கியம் இல்லை.

அவர் போன பின் ஏறக்குறைய ஆறு மாதம் என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. பின்னர், வயல் வரம்புத் தகராறு ஒன்றினால் பதினொரு ஆண்டுகள் என்னோடு பேசாதிருந்த அயல்வீட்டுக் கமக்காரர், கண்புரையினால் எழுத்துத் தெரியவில்லை என்று பத்திரிகையோடு ஒரு மாலை படலையைத் திறந்துகொண்டு வந்தார். இன்றுவரை வருகிறார். குளத்தின் நீர்மட்டமும், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்க விடுவார்கள் என்ற கூட்டத் தீர்மானமும் வந்தால் இரண்டு தரம் வாசிக்கச் சொல்வார். அரசியற் செய்தியை ஒரு வரியில் நிறுத்தச் சொல்வார். வரம்பைப் பற்றி இருவரும் இன்னும் கதைக்கவில்லை.

கேள்வி: நண்பன் உழவு இயந்திரம் வாங்கியபோது லீசிங் கம்பனியில் பிணை நின்றேன். இப்போது அவன் தவணை கட்டுவதுமில்லை, என் தொலைபேசியை எடுப்பதுமில்லை. இனி ஒருவரையும் நம்புவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். சரிதானே? — வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, பிணைக் கையெழுத்து வேறு, நம்பிக்கை வேறு. பிணை என்பது அவனால் முடியாமற்போனால் நான் கட்டுகிறேன் என்று கம்பனிக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. மழை பொய்த்தோ வெள்ளம் அடித்தோ ஒரு போகம் கைவிட்டால் எவ்வளவு நேர்மையானவனும் தவணை பிந்துவான். அதைத் துரோகம் என்று சொல்ல மாட்டேன். தொலைபேசியை எடுக்காமலிருப்பதுதான் உங்களைச் சுட்டிருக்கிறது. அது பெரும்பாலும் வெட்கத்தினால் வருவது. கடன்பட்டவன் எதிரே வருபவரைக் கண்டு ஒழுங்கைக்குள் திரும்புவதைத் தபாற்கந்தோர் வாசலிலிருந்து எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். கடதாசிகளைக் கொண்டுபோகாமல் விடிய வேளைக்கே அவன் வீட்டுக்குப் போங்கள். எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் கேளுங்கள். பிறகு இருவருமாகக் கம்பனிக்குப் போய், அறுவடையை ஒட்டித் தவணையை மாற்றித் தர முடியுமா என்று விசாரியுங்கள். நாள் பிந்தப் பிந்த வளர்வது வட்டி மட்டுந்தான்.

குறளில் தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள், ஆராயாமல் நம்புவதையும், நம்பிய பின் ஐயப்படுவதையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் தரும் என்கிறது. முதற்பாதியில் நீங்கள் தவறியிருக்கலாம். அதற்காக இரண்டாம் பாதியிலும் தவற வேண்டுமா?

கேள்வி: தபாற்கந்தோரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். மற்றவர்களின் நம்பிக்கையை நீங்கள் எப்போதாவது உடைத்ததுண்டா? — வாசகி, வவுனியா

பதில்: உண்டு. அதுவும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

எழுபதுகளின் நடுப்பகுதியில், எழுத்து வாசிப்புத் தெரியாத வயோதிபர்கள் கடிதத்தைப் பிரித்து என்னிடமே நீட்டுவார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த வாங்கில் அவர்களை இருத்தி வாசித்துக் காட்டுவேன். ஓர் அம்மாவின் மகன் கொழும்பில் வேலையிலிருந்தான். ஒரு கடிதத்தின் நடுவில், தாயிடம் சொல்லாமலே கல்யாணம் செய்துவிட்டதாக எட்டுப் பத்து வரி எழுதியிருந்தான். அவர் தனியே வந்திருந்தார். வீட்டுக்கு மூன்று மைல் வெயிலில் நடக்கவேண்டும். முதலில் மகளிடம் சொல்லி மெல்லத் தெரிவிக்கலாம் என்று எண்ணி, அந்த வரிகளைத் தாண்டி, சுகம் விசாரித்த பகுதிக்குப் போய்விட்டேன்.

அவர் கடிதத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். “இவ்வளவு எழுத்துக் கிடக்குது, நீர் வாசிச்சது கொஞ்சமெல்லோ, தம்பி” என்றார். ஓர் எழுத்தும் தெரியாதவர் மையின் அளவையும் என் குரலின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். நான் மழுப்பினேன். அவர் கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனவர், அதன் பின் இரண்டு ஆண்டுகள் பாடசாலைப் பிள்ளை ஒன்றைக் கொண்டுதான் கடிதம் வாசிப்பித்தார். முத்திரை வாங்க மட்டும் என்னிடம் வருவார்.

திருக்குறளில் நட்பைப் பற்றி 79 தொடக்கம் 83 வரை ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. நடுவில் உள்ள பழைமை என்ற அதிகாரம், நெடுநாள் நண்பர் உரிமையினால் கேளாமலே செய்வதை விரும்பி ஏற்கச் சொல்கிறது. அந்த உரிமை எனக்கும் உண்டென்று அன்று நினைத்திருக்கிறேன். எனக்கும் அந்த அம்மாவுக்கும் இடையில் இருந்தது நட்பல்ல. தன் காதாக என்னை அவர் வைத்திருந்தார், அவ்வளவே. காது தெரிவு செய்யத் தொடங்கினால் பிறகு அதை வைத்து என்ன செய்வது? மூன்றாம் ஆண்டு வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு கடிதத்தோடு கந்தோருக்குள் வந்து வாங்கில் இருந்தார். “வரி விடாமல் வாசியும்” என்றார். அதில் பேரன் பிறந்த செய்தி இருந்தது.

கேள்வி: நீங்கள் திரும்பத் திரும்ப வாசிக்கும் நூல் எது? — வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: புறநானூறு. இந்தத் தெரிவு முழுவதும் என்னுடையதல்ல. 2009 இல் போரினால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வீட்டிலிருந்து எடுத்த புத்தகங்களில் மிஞ்சியிருந்தது மட்டை கழன்ற அந்த உரைநூல் ஒன்றுதான். மற்றவற்றை எந்தெந்த இடத்தில் இறக்கி வைத்தோம் என்பதை மனைவி வரிசையாகச் சொல்வார், நான் சொல்வதில்லை.

அதில் 191 ஆம் பாட்டு பிசிராந்தையாருடையது. ஆண்டுகள் பல சென்றும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு, மனைவியும் மக்களும் குணம் நிறைந்தவர்கள், ஏவலர்கள் தன் எண்ணப்படியே நடப்பவர்கள், வேந்தன் தீயன செய்யாமல் காப்பவன், ஊரிலோ அடக்கமுள்ள சான்றோர் பலர் என்று அவர் விடை சொல்கிறார். கூடாரத்துக்குள் இதை வாசித்தபோது மனைவி என் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பக்கத்துக் கூடாரத்திலும் சிரிப்புக் கேட்டது. “இந்த நாலிலே எங்களுக்கு எது குறைஞ்சதெண்டு எண்ணிப் பாருங்கோ” என்றார். எண்ணினோம். மனைவியும் மக்களும் என்ற முதலாவதில் எனக்குக் குறையில்லை; ஏவலர் என்று ஒருவரும் இருந்ததில்லை; வேந்தனை விட்டுவிடுவோம். சான்றோரைப் பற்றித்தான் அன்றிரவு நெடுநேரம் கதைத்தோம். தண்ணீர் வரிசையில் தன் இடத்தைப் பிள்ளைக்காரிக்கு விட்டுக்கொடுத்தவர், இருந்த ஒரு பனடோலைப் பாதியாக முறித்துத் தந்தவர் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அந்தப் பட்டியலை மனைவி பின்னர் கொப்பி ஒன்றில் எழுதிவைத்தார்.

இந்தப் பிசிராந்தையார்தான், நேரில் ஒருபோதும் காணாத கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, தேடி வந்து உடனிருந்தவர். பிசிராந்தையாருக்கென்று இடம் ஒழித்துவைக்கச் சோழன் சொல்லியிருந்தது அவருக்குத் தெரியுமா என்ற கேள்வியை மனைவி எழுப்பினார். எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

கேள்வி: தொலைபேசியில் வாசிப்பது வாசிப்பா? — மாணவி, மல்லாவி

பதில்: வாசிப்புத்தான், பிள்ளை. நூலகம் நிறுவனம் 2005 தொடக்கம் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைத்திருக்கிறது. நான் தொலைத்த சஞ்சிகைகள் சிலவற்றைப் பேத்தி அதில் எடுத்துத் தந்தாள். எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது என் வயதுக்குப் பெரிய உபகாரம்.

கேள்வி: வன்னியைப் பற்றிய நாவலாக “நிலக்கிளி”யை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். பிரதி இருந்தால் இரவல் தருவீர்களா? — வாசகர், தண்ணீரூற்று

பதில்: அ. பாலமனோகரன் எழுதி வீரகேசரிப் பிரசுரமாக 1973 இல் வந்த நாவல் அது. தண்ணிமுறிப்புக் காட்டையும் வயலையும் அறிந்தவர்களுக்கு அதன் பாதைகள் கால் பழகியவையாக இருக்கும். முதல் வாங்கிய பிரதியை இரவல் கொடுத்துத்தான் இழந்தேன். கொண்டுபோனவரும் பிறகு எல்லாவற்றையும் இழந்தார், ஆகவே கேட்கவில்லை. இப்போதிருப்பது மருமகன் தேடித் தந்த பழைய பிரதி, நடுப்பக்கங்கள் கொஞ்சம் உக்கியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வாருங்கள். கதவுக்குப் பின்னால் நூலில் ஒரு கொப்பி தொங்குகிறது. மனைவி பட்டியல் எழுதிய அதே கொப்பிதான். பின்பக்கத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம். பென்சிலால் எழுதினால் போதும்.