கல்லூரி விளையாட்டு ஆய்வுக் கட்டுரைப் போட்டி: வடசென்னைப் பிள்ளைகள் கேட்டதும் என் பதில்களும்

கல்லூரி விளையாட்டைப் பற்றி முதுகலை, பிஎச்.டி. மாணவர்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைப் போட்டிக்கு இந்த வருடம் நம் பக்கத்திலிருந்து நாலைந்து பேராவது எழுத நினைக்கிறார்கள். நான் வடசென்னைக் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிப் போட்டிகளுக்கு நடுவராகவும் போயிருக்கிறேன். பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

புது வண்ணாரப்பேட்டை, எம்.பி.எட். (உடற்கல்வி முதுகலை) மாணவி: மேடம், எங்கள் கைடு பிளையோமெட்ரிக் என்ற குதிப்புப் பயிற்சியைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறார். அதையே போட்டிக்கும் அனுப்பலாமா?

அனுப்பலாம்மா, தப்பில்லை. ஆனால் நடுவர் மேசையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். 45 பேர், மூன்று குழு, 12 வாரம், ஆன்கோவா என்ற புள்ளியியல் கணக்கு, கடைசியில் குழுக்களை ஒப்பிட ஷெஃபே டெஸ்ட். இந்த அச்சில் வார்த்த கட்டுரைகள் கட்டுக்கட்டாக வரும். கபடி என்ற சொல்லை எடுத்துவிட்டு வாலிபால் என்று போட்டால் மிச்சம் அப்படியே பொருந்தும். முடிவும் படிக்கும் முன்பே தெரியும்: 12 வாரம் குதித்துப் பழகியவள் பழகாதவளைவிட உயரமாகக் குதிப்பாள். உங்கள் ஊகம் பொய்த்துப் போக இடமே இல்லாத கேள்வியை எடுத்தால் படிக்கிறவருக்கு அதில் என்ன மிச்சம் இருக்கும்?

எனக்கு இன்றும் மறக்காத கட்டுரை ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் இரண்டு ஷிப்டு. காலை ஷிப்டு மதியத்தோடு முடியும், இரண்டாம் ஷிப்டு விடுவதற்குள் விளக்குப் போட்டுவிடுவார்கள். மாலை நாலரைக்குப் பயிற்சி. என் மேசையில் நீள நோட்டு ஒன்று இருக்கும். வந்தவர்களுக்கு டிக், வராதவர்களுக்குக் கோடு, தொடர்ந்து வராமல் போனால் பேருக்கு எதிரே சிவப்பு மையில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதிவிடுவேன். சமூகவியல் முதுகலை படித்த ஒரு பெண் நாலு வருட நோட்டையும் கேட்டு வாங்கினாள். விளையாட்டு அறையில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, சிவப்பு மை விழுந்த பெயர்களை எல்லாம் தனியாக எடுத்து எழுதினாள். முக்கால்வாசி இரண்டாம் ஷிப்டுப் பெண்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கிறவள் நாலரைக்கு மைதானத்துக்கு எப்படி வருவாள்? காலையில் வரலாமே என்று கேட்டால், காலை ஆறிலிருந்து எட்டு வரை தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்க வேண்டிய வீடுகள். அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தினமும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்த நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கட்டுரை மொத்தம் பதினான்கு பக்கம். அதைப் படித்த பிறகுதான் இரண்டாம் ஷிப்டுக்கென்று சனிக்கிழமை காலை ஒன்பது மணிப் பயிற்சி வைத்தேன்.

அந்த மாதிரி ஒரு கேள்வி உங்கள் கல்லூரியிலும் இருக்கும். கைடிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். டிகிரிக்குப் பிளையோமெட்ரிக் இருக்கட்டும், போட்டிக்கு வேறொன்று எழுத அநேகமாக ஒத்துக்கொள்வார்.

வியாசர்பாடி, பிஎச்.டி. மாணவர்: அமெரிக்காவில் நடக்கும் போட்டி ஒன்றுக்கு அனுப்ப ஆசை. அவர்களுடைய கல்லூரி விளையாட்டே வேறு. இங்கிருந்து நாம் என்ன எழுதுவது?

முதலில் அங்கே என்ன சண்டை நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் தம்பி. என்.சி.ஏ.ஏ. என்பது அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு, 1906-ல் தொடங்கியது. ஆடுகிறவர் மாணவர், படிப்புச் செலவைத் தரலாம், சம்பளம் தரக் கூடாது என்பதைத்தான் அது நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தது. டி.வி. ஒப்பந்தத்தில் கோடிக்கணக்கில் பணம் வரும், பயிற்சியாளர் கோடியில் சம்பளம் வாங்குவார், ஆடுகிற பையனுக்கு மட்டும் கிடையாது. வீரர்களுக்குத் தரும் படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு வைத்ததை எதிர்த்து வந்த ஆல்ஸ்டன் வழக்கில் 2021 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அடுத்த மாதமே, வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க வழி திறந்தது. 2025 ஜூனில், வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்ற ஒப்புதல் கிடைத்த பிறகு, கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குப் பணம் தருகின்றன. முதல் வருடத்துக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதில் பெண்கள் அணிகளுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கேட்கிறவர்கள் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டத்தைக் காட்டுகிறார்கள். அங்கே இப்போது வரும் கட்டுரைகளில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

நமக்கு டி.வி. பணம் இல்லை. ஆனால் ஆடுகிறவர் மாணவரா, உழைப்பாளியா என்ற அதே கேள்வி இங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கொடுத்துச் சேர்க்கிறோம். முதல் செமஸ்டரில் முழங்கால் போய்விட்டால் அந்தப் பையனின் ஃபீஸ் சலுகை என்ன ஆகிறது? தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வே ஆள் எடுக்கிறது. பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே இருப்பதால் நம் பிள்ளைகள் சின்ன வயதிலேயே பந்தை வேலையோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். உங்கள் முல்லை நகரில் பந்து உதைக்கும் பையன்களில் எத்தனை பேர் கல்லூரி அணி வரைக்கும் வருகிறார்கள், வராதவர்கள் எந்த வயதில் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். "அமெரிக்கா ஓர் ஒப்பீடு" என்று தலைப்பு வைக்காதீர்கள். இங்கே நடப்பதை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் அங்கே படிக்கிறவர் தானாகவே பொருத்திப் பார்த்துக்கொள்வார்.

அனுப்பும் முன் விதியை ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுங்கள். சில போட்டிகள் அந்த நாட்டில் படிப்பவர்களுக்கு மட்டும், சிலவற்றில் நேரில் போய்ப் பேச வேண்டும்.

ராயபுரம், முதுகலை மாணவி: அக்கா, நான் பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். இங்கிலீஷில் எழுதினால் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

சிரிக்க மாட்டார்கள்மா. முதலில் தமிழிலேயே எழுதி முடி. என்ன பார்த்தாய், எப்படிப் பார்த்தாய், என்ன கிடைத்தது, இது போதும். பயத்தில் நாம் செய்யும் தப்பு, பெரிய வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. "இந்த ஆய்வானது வடசென்னை மாணவிகளின் விளையாட்டுப் பங்கேற்பின் பல்வேறு பரிமாணங்களை ஆராய முற்படுகிறது" என்று ஆரம்பித்தால் நடுவருக்கு ஒன்றும் தெரியாது. "மூன்று கல்லூரிகளின் பயிற்சிப் பதிவேடுகளைப் பார்த்தேன். இரண்டாம் ஷிப்டு மாணவிகள் முதலில் நின்றுபோகிறார்கள். ஏன் என்று அவர்களையே கேட்டேன்" என்று எழுது. இதை இங்கிலீஷில் சொல்ல ஒன்பதாம் வகுப்பு இலக்கணம் போதும். அப்புறம், பேசிப் பழக மேடை தேட வேண்டாம். உன் அணிப் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் சொல்லிப் பார். எந்த இடத்தில் அவர்கள் போனை எடுக்கிறார்களோ அந்த இடத்தைத் திருத்து.

கொருக்குப்பேட்டை, எம்.பி.எட். மாணவி: மாதவிடாய் நாட்களில் பயிற்சி, மைதானத்தில் கழிவறை இல்லாதது பற்றி வீராங்கனைகளிடம் பேட்டி எடுக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நல்ல தலைப்பு. மற்ற கேள்விகளைவிட இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்குங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 18 வயது நிரம்பாதவரிடம் ஆய்வு செய்ய, அவர் சம்மதத்தோடு பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். முதலாம் ஆண்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள், வயதைக் கேட்ட பிறகே பேட்டி தொடங்குங்கள். கோச் காதில் விழும் தூரத்தில் நின்றால் அன்றைக்குப் பேட்டி வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். "மூன்றாம் ஆண்டு ஹேண்ட்பால் கோல்கீப்பர், கொருக்குப்பேட்டை" என்று நீங்கள் எழுதினால் அவள் தெருவில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஓர் அணிக்கு எத்தனை கோல்கீப்பர் இருப்பார்கள்? ஆட்டத்தையோ ஆண்டையோ இடத்தையோ, ஏதாவது ஒன்றையாவது பொதுவாக்கிவிடுங்கள். அழுத பேட்டி ஒன்று வரும். அதைக் கட்டுரையில் போடலாமா என்று அப்போதே முடிவு செய்ய வேண்டாம். ஒரு வாரம் கழித்து அவளையே திரும்பக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், கட்டுரை இளைத்தாலும் பரவாயில்லை.

தண்டையார்பேட்டை, முதுகலை மாணவர்: கேரம் பற்றி எழுதலாமா? அதெல்லாம் ஒரு விளையாட்டா என்கிறார்கள்.

யார் சொன்னது? 1996-க்கான அர்ஜுனா விருது கேரமுக்காக வாங்கிய மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கமும் அடித்த காசிமா உங்களுக்குப் பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண். தாராளமாக எழுதுங்கள். ஆனால் போட்டி கல்லூரி விளையாட்டைப் பற்றியது, அதனால் தெருவோரக் கிளப்பில் போர்டைச் சுற்றி நின்று கற்றுக்கொண்டவர்கள் கல்லூரிக்குள் வரும்போது அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். போர்டு எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது, மாணவிகள் எத்தனை மணி வரை உள்ளே இருக்கலாம். சாவி விஷயம் ஒன்றையே வைத்து ஒரு கட்டுரை எழுதலாம்.

எண்ணூர், பிஎச்.டி. மாணவர்: எனக்கு 20 வீரர்கள்தான் கிடைத்தார்கள். போதுமா சார்?

சார் இல்லை தம்பி, மேடம். 20 பேர் போதுமா என்பது கேள்வியைப் பொறுத்தது. ஆழமாகப் பேசிப் பதிவு செய்யும் ஆய்வுக்கு 20 தாராளம். வடசென்னை வீரர்கள் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்ல 20 போதாது. சதவீதம் போடாதீர்கள். "15 சதவீதத்தினர்" என்றால் பெரிய கூட்டம் போலத் தெரியும், அது மூன்று பேர். மூன்று பேர் என்றே எழுதுங்கள்.

திருவொற்றியூர், எம்.ஃபில். முடித்தவர்: கல்லூரிகள் விளையாட்டுக் கட்டணம் வாங்குகின்றன. எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால் சொல்வதில்லை. எப்படி வாங்குவது?

அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மனுவில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "விளையாட்டுச் செலவு விவரம் தரவும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். எந்தக் கல்வியாண்டு, எவ்வளவு வசூல், பந்து, ஜெர்சி, பயணப்படி, சிற்றுண்டி தனித்தனியாக எவ்வளவு என்று வரிசையாகக் கேளுங்கள். மற்ற கல்லூரிகளின் ஆய்வேடுகளைப் பார்க்க ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது, காசில்லை.

பெரம்பூர், முதுகலை மாணவர்: சாட்ஜிபிடி வைத்து எழுதலாமா?

போட்டி விதி அனுமதித்தால் இலக்கணம் திருத்திக்கொள்ளலாம், எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிவிடவும் வேண்டும். மேற்கோள் நூல் மட்டும் அதனிடம் கேட்காதீர்கள், இல்லாத கட்டுரையை இருப்பதுபோலக் கொடுக்கும். நடுவர் அதைத் தேடிப் பார்ப்பார். நான் பார்ப்பேன்.

மூலக்கடை, பிஎச்.டி. மாணவி: கடைசி நாள் இரவு 11.59 என்று போட்டிருக்கிறது. எந்த ஊர் நேரம்?

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் கோடையில் நமக்கு மறுநாள் காலை 9.29, குளிர்காலத்தில் 10.29. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், முந்தின நாளே அனுப்பிவிடுங்கள். நம் பக்கம் மழை பிடித்தால் கரன்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, எழுதியவர் யார் என்று நடுவருக்குத் தெரியக் கூடாது என்பது விதியானால் கட்டுரைக்குள் மட்டும் பெயரை எடுத்தால் பத்தாது. ஃபைலின் பெயரிலும் எடுங்கள், நன்றி சொல்லும் பக்கத்தில் கைடு பெயர் இருந்தால் அதையும் எடுங்கள்.