மகள் தேய்த்ததை நான் மறுபடியும் தேய்த்தேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 39. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5 வயது. ஏழு மாதங்களுக்கு முன்பு என் மனைவி மாலை நேரப் பணிக்கு மாறியதிலிருந்து இரவுச் சமையல் என் பொறுப்பாகிவிட்டது. சமையல் எனக்குப் புதிதல்ல. படிக்கும் காலத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தபோதே விரும்பிக் கற்றுக்கொண்டேன். நன்றாகச் சமைப்பவன் என்ற பெயரும் நண்பர்களிடையே உண்டு. பிள்ளைகளோடு சேர்ந்து சமைப்பது பேரின்பம் என்று பலரும் சொல்லக் கேட்டிருந்ததால், இருவரையும் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டேன்.

அந்த இன்பம் எனக்குக் கிட்டவில்லை. அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை ஒன்றேகால் மணி நேரம் இழுக்கிறது. கொஞ்சம் தண்ணீர் ஊற்று என்றால் மகன் குவளை முழுவதையும் மாவில் கவிழ்த்துவிடுகிறான். நான் குரலை உயர்த்துகிறேன். அவர்கள் உறங்கிய பிறகு வருந்துகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு மாலை, மகள் ரொட்டிக்கான மாவை உருட்டி ஆறு வட்டங்கள் தேய்த்து வைத்தாள். ஓரம் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருந்தன. சரியாக வேகாது என்று எண்ணி, அவள் கை கழுவப் போன நேரத்தில் அவற்றில் நான்கைப் பிசைந்து மறுபடியும் தேய்த்து அடுக்கினேன். திரும்பி வந்தவள் அந்த அடுக்கைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். மறுநாள் அழைத்தபோது, "எப்படியும் நீங்க திரும்பத் தேய்க்கத்தானே போறீங்க அப்பா, நீங்களே தேய்ச்சிடுங்க" என்றாள். அதில் கோபம்கூட இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அதன் பிறகு அவள் சமையலறைப் பக்கம் வருவதில்லை. மகன் வருகிறான், ஆனால் எதைத் தொடுவதற்கு முன்பும் என் முகத்தைப் பார்க்கிறான்.

(இத்தனை மாதங்களில் ஒரே ஒரு மாலைதான் நன்றாகக் கழிந்தது. அன்று என் வலது கட்டைவிரலில் வெட்டுப்பட்டுக் கட்டுப் போட்டிருந்தேன். இடக்கையால் அடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டேன். நான் சொல்லச் சொல்ல, கழுவுவது, நறுக்குவது, கலப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தோம். அது விதிவிலக்கு.)

பிள்ளைகளோடு சமைக்கும் பொறுமை எனக்கு இயல்பிலேயே இல்லையா? மகளை மறுபடியும் எப்படி அழைப்பது? அல்லது சமையலை நானே முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் அவர்களோடு விளையாடுவதுதான் நல்லதா?

— ஒரு தந்தை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பொதுவான விடையை நீங்களே அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டு, விதிவிலக்கு என்று ஒதுக்கியும் வைத்திருக்கிறீர்கள். விரலில் கட்டுப் போட்டிருந்த அந்த ஒரு நாளில் உங்கள் பொறுமை திடீரென்று பெருகிவிடவில்லை. உங்களால் குறுக்கிட முடியவில்லை, அவ்வளவுதான். மற்ற மாலைகளில் நீங்கள் சமைத்தீர்கள், அவர்கள் உங்களுக்கு உதவினார்கள், அல்லது உதவ முயன்று இடைஞ்சல் செய்தார்கள். அன்று மட்டும் அவர்கள் சமைத்தார்கள், நீங்கள் உடனிருந்தீர்கள். சிரிப்பு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஆகவே பொறுமையைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். உங்களுடைய சிக்கல் கை பழகியவர்களுக்கே உரியது. சமைக்கத் தெரியாத தகப்பன், மகள் தேய்த்த வட்டத்தில் குறையே காண மாட்டார். உங்களுக்கோ மனம் முடிவெடுக்கும் முன்பே கை நீண்டுவிடுகிறது. அது குணக்கேடு அல்ல. ஆனால் அதன் விளைவு சிறியதும் அல்ல.

நீங்கள் குரலை உயர்த்தியதற்காக வருந்துகிறீர்கள். மகளைத் தள்ளிவைத்தது அது என்று நான் நினைக்கவில்லை. திட்டு அந்த நேரத்தோடு போய்விடும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் அழவும் அதில் இடம் உண்டு. அவள் இல்லாத நேரத்தில், ஒரு சொல்லும் இல்லாமல் அவள் செய்ததை அழித்துச் செய்ததுதான் தீர்ப்பைப்போல விழுந்திருக்கிறது. ஏறத்தாழ 6 வயதிலிருந்து 12 வயது வரையான பருவத்தில், 'என்னால் ஒரு வேலையை உருப்படியாகச் செய்து முடிக்க முடியும்' என்ற உணர்வு வேரூன்ற வேண்டும் என்றும், அது வாய்க்காத குழந்தையிடம் தாழ்வுணர்வு குடியேறும் என்றும் உளவியலாளர் எரிக் எரிக்சன் விளக்கினார். உங்கள் மகள் அந்தப் பருவத்தின் நடுவில் நிற்கிறாள்.

இதை விளங்கிக்கொள்ள ஓர் ஆய்வும் துணைசெய்யும். மைக்கேல் நார்ட்டனும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், தாமே காகிதத்தை மடித்து உருவங்கள் செய்தவர்கள், பிறர் கண்ணுக்குக் கசங்கலாகத் தெரிந்த தம் படைப்புகளுக்கு, கைதேர்ந்தவர்கள் செய்தவற்றுக்கு ஏறத்தாழ நிகரான மதிப்பைக் கொடுத்தார்கள். இது பலருக்கும் தெரிந்த செய்தி. அதே ஆய்வின் மறுபாதிதான் உங்களுக்கு உரியது: செய்ததைப் பிரித்துப் போட்டுவிட்டாலோ, முடிக்க முடியாமல் போனாலோ அந்தப் பற்று மறைந்துவிட்டது. கோணலான ஆறு வட்டங்கள் உங்கள் மகளுக்கு அன்று விலைமதிப்பற்றவையாக இருந்திருக்கும். அவற்றில் நான்கு காணாமல் போயின.

மகனைப் பற்றிய எரிச்சலை எளிதில் தீர்க்கலாம். ஏறத்தாழ ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர், அகன்ற பாத்திரத்திலிருந்து ஒடுங்கிய உயரமான குவளைக்கு மாற்றப்பட்ட தண்ணீர் அதிகமாகிவிட்டதாகவே நம்புகிறார்கள் என்று உளவியலாளர் ழான் பியாஜே காட்டினார். அளவைப் பற்றிய புரிதல் இன்னும் கனியாத அந்த வயதில் 'கொஞ்சம்' என்ற சொல் ஒரு கட்டளையே அல்ல. அவன் ஊற்ற வேண்டிய தண்ணீரை மட்டும் ஒரு சிறிய கிண்ணத்தில் அளந்து கொடுத்து, முழுவதையும் கவிழ்க்கச் சொல்லுங்கள். ஆசை தீரக் கவிழ்ப்பான், மாவும் கெடாது. சில நாள்கள் அப்படிக் கவிழ்த்த பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பது குறைகிறதா என்று கவனியுங்கள். எனக்கு அவனுடைய கைத்தவறுகளைக் காட்டிலும் அந்தப் பார்வைதான் முக்கியமாகப் படுகிறது.

இனி மகளிடம் போக வேண்டிய வழி. மன்னிப்புக் கேளுங்கள்; ஆனால் சரியான குற்றத்துக்குக் கேளுங்கள். "அன்று கத்தியதற்கு வருந்துகிறேன்" என்பது எளிது, அவள் கேட்க விரும்புவது அதுவல்ல. "நீ தேய்த்ததை உன்னைக் கேட்காமல் மாற்றினேன், அது தவறு" என்று சொல்லி அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆனால் அவை வேகாது என்பதால்தான்' என்று தொடங்கினால், முன் சொன்னது அனைத்தும் வீணாகிவிடும். பிறகு உதவிக்கு வா என்று அழைக்காதீர்கள். உதவியாளாக இருந்து சலித்துத்தான் அவள் போயிருக்கிறாள். வாரத்தில் ஒரு மாலை, ஓர் உணவு, என்ன செய்வது என்ற முடிவு உட்பட, அவள் பொறுப்பில் இருக்கட்டும். அவள் உடனே ஒப்புக்கொள்ளாமல் போகலாம். இரண்டு மூன்று வாரங்கள் உங்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு அவளுக்கு உரிமை உண்டு.

தடித்த ஓரத்தோடு தேய்த்தால் அந்த ரொட்டி ஓரத்தில் வேகாமலும் நடுவில் கருகியும்தான் வரும். வரட்டும். அடுப்பு சொல்லும் குறையில் அவமதிப்பு இல்லை. அதை அவளே பார்த்து, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கும் கணத்தில் உங்கள் கைத்திறன் அவளுக்குச் செல்வமாகிவிடும். அப்போதும் உங்கள் மாவில் செய்து காட்டுங்கள், அவள் மாவைத் தொடாதீர்கள். கை பரபரத்தால் பாத்திரம் கழுவுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, முதுகு திரும்பி நின்று கழுவும் வேலை உங்களைப்போன்றவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

பாதுகாப்பு என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வது சுவையிலும் வடிவத்திலும் மட்டுமே. கொதிக்கும் நீர், சூடான எண்ணெய், நீராவி ஆகியவற்றின் அருகில் ஐந்து வயதுக் குழந்தைக்கு வேலை இல்லை. கைப்பிடிகள் எப்போதும் உட்பக்கமாகத் திரும்பியிருக்கட்டும். பச்சை மாவையும் பச்சை முட்டையையும் ருசிபார்க்க விடாதீர்கள். சூடு பட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடங்கள் காட்ட வேண்டும். பனிக்கட்டியோ பற்பசையோ வேண்டாம். இந்த விதிகளைச் சமையல் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால், நடுவில் அலற வேண்டிய தேவை வெகுவாகக் குறையும்.

சேர்ந்து சமைப்பதை நாள்தோறும் செய்ய வேண்டியதில்லை. களைத்து வந்த மாலைகளில் குற்றவுணர்வின்றித் தனியாகச் சமைத்து முடியுங்கள். ஒவ்வொரு நாளும் பிள்ளைகளோடு சமைத்து ஒவ்வொரு நாளும் மகிழ்ந்ததாகச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 6 முதல் 10 வயது வரையான 47 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பெற்றோருடன் சேர்ந்து சமைத்த குழந்தைகள் பச்சைக் காய்க் கலவையைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் காய்கறி உண்ணவைக்கும் உபாயமாக இதைத் தொடங்காதீர்கள். பிள்ளைகள் உள்நோக்கத்தை விரைவில் மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

விளையாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக விளையாடுங்கள். ஆனால் விளையாட்டில் கிடைக்காத ஒன்று சமையலில் உண்டு: அங்கே குழந்தை செய்வது மெய்யான வேலை, அதைப் பசித்தவர் உண்கிறார். உங்கள் மனைவி பணி முடிந்து வரும்போது, மகள் தேய்த்தவற்றில் இரண்டை அவருக்கென்று மூடி வைக்கலாமா என்று அவளிடமே கேளுங்கள். எது யார் செய்தது என்று அம்மாவிடம் அவளே சொல்லட்டும். நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
ஆலோசகர்