நேர்மை வேறு, நாக்கு வேறு

கேள்வி: புனேயில் குடியேறியிருக்கிறோம். இங்குள்ள பழைய மராத்திக் குடும்பக் கடைகளில் மதியம் ஒரு மணிக்குக் கதவை அடைத்துவிடுகிறார்கள். இரண்டாவது முறை விலை கேட்டால் எரிந்து விழுகிறார்கள். இதைப் புனேக்காரர்கள் பெருமையாகவும் பேசுகிறார்கள். வாடிக்கையாளரை மதிக்காததில் என்ன பெருமை?

பதில்: இரண்டு புகார்களை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். முதலாவதை நான் ஏற்கவில்லை. சதாசிவப் பேட்டையிலோ நாராயணப் பேட்டையிலோ அண்ணன் தம்பி இருவர் காலையிலிருந்து தாங்களே தராசின் முன் நின்றுவிட்டு, மதியம் சாப்பிட்டுச் சற்று ஓய்வெடுத்து நான்கு மணிக்குத் திரும்பக் கடை திறப்பது யாரையும் அவமதிப்பதாகாது. நேரத்தைத்தான் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே! 1950இல் தொடங்கிய சித்தளே பந்து இனிப்புக் கடையின் மதிய அடைப்பு ஊரறிந்தது. மசாலா வைத்துச் சுருட்டிப் பொரித்த பாகர்வடிக்காக மக்கள் நான்கு மணிவரை காத்திருந்தார்கள். அந்தக் கடையும் 2017இல் அவ்வழக்கத்தைக் கைவிட்டது. பேரத்துக்கு இடம் கொடாத கடைகளையும் நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூர்க்காரருக்கும் நேற்று வந்திறங்கிய உங்களுக்கும் ஒரே விலை, ஒரே எடை என்பதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கடைக்காரர் எப்படிக் காட்டுவார்?

இரண்டாவது புகாரில் நான் உங்கள் பக்கம். பாலுக்கும் சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், வாங்குபவர்தான் வரிசையில் நின்று காத்திருந்தார். விற்பவருக்கு இனிமையாகப் பேசவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தட்டுப்பாடு போன பின்னும் அந்தப் பழக்கம் நாக்கில் தங்கிவிட்டது என்றே நான் கருதுகிறேன். புனேயின் குத்தல் அறிவிப்புப் பலகைகளைத் திரட்டிக் கண்காட்சிகூட வைக்கிறார்கள். அவற்றை நின்று படிப்பவர் சிரித்துவிட்டுப் போகலாம், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, "இது இன்று செய்ததா?" என்று தயங்கிக் கேட்டு, "வாங்குவதானால் வாங்குங்கள்" என்று பத்துப் பேர் முன்னிலையில் பதில் பெறும் முதியவருக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. சரக்கு சுத்தமாக இருப்பதும் எடை சரியாக இருப்பதும் அந்தக் கடைக்காரரின் கடமை. அதை நிறைவேற்றியதற்காக, கேள்வி கேட்பவரைக் கடிந்துகொள்ளும் உரிமை அவருக்குக் கூடுதலாகக் கிடைத்துவிடாது. இதைக் குலப்பெருமை போலக் கொண்டாடுகிறவர்களும் அந்தக் கடைகளுக்கு நன்மை செய்யவில்லை.

ஆகவே நான்கு மணிக்குப் பிறகு செல்லுங்கள், பேரம் பேசாதீர்கள். அதற்கும் மேல் எரிந்து விழுந்தால், பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு, ஏன் வாங்காமல் போகிறீர்கள் என்பதை அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.