நியான் டெட்ரா ஒவ்வொன்றாக இறப்பது ஏன்?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். புதிதாக வாங்கிய இரண்டடித் தொட்டியில் மறுநாளே நியான் டெட்ரா என்னும் சிறு அலங்கார மீன்கள் 12 விட்டேன். ஒரு வாரத்தில் 8 இறந்துவிட்டன. கடைக்காரர் நீல மருந்தும் ஹீட்டரும் கொடுத்து, இறந்தவற்றுக்குப் பதிலாகப் புது மீன்களை உடனே வாங்கி விடச் சொல்கிறார். மீதமுள்ள நான்கும் இரவில் வெளுத்துப்போகின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் மீன் வாங்குவதை நிறுத்துங்கள். உங்கள் மீன்களைக் கொன்றது பெரும்பாலும் நோயன்று, அவை கழிவாக வெளியேற்றிய அமோனியாதான். அதை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உங்கள் தொட்டிக்கு ஒரு நாள்தான் தரப்பட்டது.

அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு அதனால் பயனுண்டு. ஆனால் உங்கள் தொட்டியில் உருவாகத் தொடங்கியிருக்கும் அதே நுண்ணுயிரிகளையும் அது அழித்துவிடும். மருந்து விற்றால் மீன் சாகும், மீன் செத்தால் மீண்டும் மீன் விற்கும் என்பதால், இந்தச் சுழலை விளக்கிச் சொல்ல விற்பவருக்கு அவசியமே இல்லாமல் போகிறது. ஹீட்டரும் வேண்டாம், 22 முதல் 26 டிகிரி வரை விரும்பும் மீனுக்குச் சென்னைத் தண்ணீரின் வெப்பமே அதிகம். தொட்டியை வெயில் படாத இடத்தில் வைத்து, மூடியைச் சற்றுத் திறந்துவிடுங்கள்.

இருக்கும் நான்கைக் காப்பாற்ற, நாள்தோறும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். லாரித் தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் அன்றைக்கு எவ்வளவு குளோரின் கலந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாததால், தண்ணீரைப் பிடித்து ஏர் பம்ப் ஓட விட்டு ஒரு நாள் வைத்த பிறகே ஊற்றுங்கள். ஸ்பாஞ்சில் படியும் வழவழப்பான பழுப்புப் படலத்தை அழுக்கென்று குழாயடியில் பிழிந்து கழுவாதீர்கள். அதில்தான் அந்த நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் ஒருமுறை அலசினால் போதும். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை மட்டும்.

இரவில் வெளுப்பதைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதைக் காட்டியும் மருந்து விற்கிறார்கள். நியானின் நீலக்கோடு சாயம்போன்ற நிறமன்று. தோலின் உயிரணுக்களில் அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய படிகத் தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. இருட்டில் அந்த அடுக்கின் இடைவெளி மாறுவதால் கோடு ஊதா கலந்து மங்கும். காலையில் விளக்கைப் போட்டவுடன் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நீலம் திரும்பிவிட்டால் அந்த மீனுக்கு நோயில்லை. நல்ல வெளிச்சத்திலும் சிவப்புப் பட்டைக்குள் வெண்மை திட்டாகப் பரவி, மீன் கூட்டத்தைவிட்டுத் தனியே ஒதுங்கி, முதுகும் வளையத் தொடங்கினால் அது நியான் நோய். அதற்கு நம்பத்தக்க மருந்து கிடையாது. அந்த மீனை அன்றே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

நான்காக இருந்தால் நியான் அஞ்சிச் செடிக்குள் பதுங்கும், பத்து மீனாவது இருந்தால்தான் கூட்டமாக நீந்தும் என்பது உண்மையே. ஆயினும் சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து பூஜ்யம் காட்டும்வரை காத்திருங்கள். பிறகும் வாரத்துக்கு மூன்று மீனுக்கு மேல் சேர்க்காதீர்கள். பண்ணையிலிருந்து வந்த பெட்டியை அன்றே பிரித்து அன்றே விற்பதும் உண்டு என்பதால், மீன் கடைக்கு வந்த தேதியை நீங்களே கேளுங்கள். பத்து நாளாவது கடைத் தொட்டியில் பிழைத்திருந்து, உங்கள் கண்முன் தீனி எடுக்கும் மீனை மட்டும் வாங்குங்கள். பையில் வரும் கடைத் தண்ணீரை உங்கள் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.