மோதிரத்துக்குள் நுழைந்தால் பஷ்மினா ஆகிவிடுமா?

கேள்வி: அடுத்த மாதம் குடும்பத்தோடு காஷ்மீர் போகிறோம். அம்மா, மாமியார், நாத்தனார்கள் இருவர், ஆக நான்கு பேருக்குப் பஷ்மினா சால்வை வாங்க 12,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் தால் ஏரிப் படகு வீட்டில் 2,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டித்தான் கொடுத்தார்களாம். ஒரே மாதத்தில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் அந்த மோதிரத்தை மறந்துவிடுங்கள். மெல்லிய விஸ்கோஸ் துணி மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், பட்டும் போகும். அசல் பஷ்மினாவில் நெருக்கமாக ஊசி வேலை செய்திருந்தால் போகாது. போலி பாஸ், அசல் ஃபெயில். இதை ஒரு சோதனை என்று இத்தனை வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

உருண்டை விழுந்ததை வைத்தும் முடிவு கட்டாதீர்கள். அசலிலும் உரசுகிற இடங்களில் திரளும். பக்கத்து வீட்டுக்காரர் ஏமாந்தார் என்று நான் சொல்வது அந்த 2,500 ரூபாயை வைத்துத்தான். பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், 4,000 மீட்டருக்கு மேல் மேய்கிற ஆட்டின் அடிமுடி, அதாவது முரட்டு மேல்முடிக்கு அடியில் வளரும் மெல்லிய முடி. வசந்த காலத்தில் அது உதிரத் தொடங்கும்போது சீப்பால் சீவி எடுப்பார்கள். ஓர் ஆட்டுக்கு வருடத்துக்குச் சுமார் கால் கிலோ கிடைக்கும். முரட்டு முடியைப் பிரித்துவிட்டால் அதில் பாதி தேறினாலே பெரிது. ஒரு முழுச் சால்வைக்கு இரண்டு மூன்று ஆடுகளின் முடி வேண்டும். அதை ராட்டையில் நூற்று, தறியில் நெய்து, அலசி, கடைக்கு வந்து, உங்களுக்கு 2,500 ரூபாய்க்கா?

நான் இழைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். காஷ்மீர் போய் வருகிற உறவுக்காரர்கள் சால்வையோடு நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். குஞ்சத்திலிருந்து ஒரு நூலை வெட்டி, பிரித்து, ஒரு சொட்டு கிளிசரினில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஆட்டு முடியாக இருந்தால் மீன் செதில் மாதிரி அடுக்கு தெரியும். செம்மறிக் கம்பளியில் செதில்கள் நெருக்கமாக இருக்கும். பஷ்மினாவில் இடைவெளி விட்டு, வழவழப்பாக இருக்கும். இழையும் 16 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். என் கைக்கு வந்த சால்வைகளில் பாதிக்கு மேல் செதிலே இல்லை, நீளவாக்கில் கோடுகள் மட்டும் ஓடின. விஸ்கோஸ், அதாவது மரக்கூழ். ஒருமுறை இதைச் சொன்னபோது என் அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு நான் யாரிடமும் சொல்வதில்லை. "நல்லா இருக்கு, போட்டுக்கோங்க" என்று மடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

உங்களிடம் மைக்ராஸ்கோப் இருக்காது. சரி, ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கலாம். காகிதம் எரிகிற வாசனை வந்தால் விஸ்கோஸ். உருகிக் கெட்டியான மணியாக நின்றால் அக்ரிலிக் மாதிரி ஏதோ செயற்கை இழை. முடி கருகுகிற நாற்றம் அடித்தால் சந்தோஷப்படாதீர்கள். சாதாரணச் செம்மறிக் கம்பளியும் அப்படித்தான் நாறும். கொளுத்திப் பார்த்துப் போலியைத் தள்ளலாம், அசலை உறுதி செய்ய முடியாது.

உறுதி செய்ய ஒரே வழி லேபிள்தான். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஸ்ரீநகரில் உள்ள சோதனை மையத்தில் பரிசோதித்து, தேறிய சால்வையிலேயே தனி எண்ணோடு ஒரு லேபிளைப் பதிக்கிறார்கள். கையால் நூற்றது, கைத்தறியில் நெய்தது, 16 மைக்ரானுக்கு மிகாத இழை, வேறு கலப்பு இல்லை என்றால்தான் அது கிடைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் போய்க் கேட்டுப் பாருங்கள், பாதிக் கடைகளில் "லேபிள் எதுக்கு, எங்க தாத்தா காலத்துக் கடை" என்பார்கள். புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்கிறது 1999ஆம் வருடச் சட்டம். விஸ்கோஸைப் பஷ்மினா என்று விற்று உள்ளே போன ஒருவரைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. 2019இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பஷ்மினாவுக்கென்றே ஒரு தரநிலையும் வெளியிட்டது. காகிதத்தில் நமக்கு ஒரு குறையும் இல்லை.

ஒன்று மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். லேபிள் இல்லாததெல்லாம் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பஷ்மினா இழை மென்மையானது, மெஷினில் இழுத்தால் அறுந்துபோகும். அதனால் நைலான் கலந்து நூற்று, நெய்து முடித்த பிறகு நைலானை அமிலத்தில் கரைத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஆட்டு முடிதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் நானும் பஷ்மினா என்றுதான் சொல்வேன். ஆனால் கையால் நூற்றதல்ல, ஆகவே லேபிள் கிடையாது. அமிலத்தில் முங்கி எழுந்ததால் வலுவும் கொஞ்சம் குறைவு. கடைக்காரர் தானாகவே "மெஷின் நூல்" என்று சொல்லி, பில்லிலும் அப்படியே எழுதி, விலையையும் அதற்கேற்ப இறக்கினால் தாராளமாக வாங்கலாம். "கைத்தறிதான் சார்" என்று அவர் சத்தியம் செய்தால் அதுவும் உண்மையாகவே இருக்கலாம், ஏனென்றால் தறி கையால் ஓடியிருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது நூலைப் பற்றி. துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கையால் நூற்ற நூல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்து ஓடும். ஒரே சீராக இருந்தால் மெஷின்.

இனி டிரைவர். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் பணம் போவது இங்கேதான். பேக்கேஜில் போனால் இரண்டாம் நாளே "ஃபேக்டரி பார்க்கலாம், வாங்கச் சொல்ல மாட்டாங்க" என்று வண்டி திரும்பும். வாசலில் ஒருவர் சும்மா ஒரு தறியை ஆட்டிக்கொண்டிருப்பார். பலகையில் "கவர்ன்மென்ட் அப்ரூவ்டு" என்று இருக்கும். யார் அப்ரூவ் செய்தது என்று கேட்டால் கஹ்வா டீ வரும். நானே ஒருமுறை டிரைவரோடு போய் ஒரு சால்வையின் விலையைக் கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலை தனியாக ஆட்டோவில் போனேன். அதே சால்வை, அதே ஆள், விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ராத்திரியில் ஆட்டு முடி மலிந்துவிடாது. குறைந்தது டிரைவரின் கமிஷன். ஹோட்டல் சிப்பந்தி, படகு வீட்டுக்காரர், கைடு, யார் கைகாட்டினாலும் இதே கணக்குதான். அரசு நடத்தும் கைவினை விற்பனையகத்தில் முதல் நாளே விலை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தனியாகப் போய் வாங்குங்கள்.

பில்லில் "100 சதவீதம் பஷ்மினா, கையால் நூற்றது, கைத்தறி" என்று எழுதி வாங்குங்கள். வெறும் "ஷால் 1" என்றால் வேண்டாம். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஸ்ரீநகர்க் கடை மீது நீங்கள் ஈரோட்டிலேயே வழக்குப் போடலாம். அதற்குப் பில் பேச வேண்டும். பணத்தைக் கார்டிலோ யுபிஐயிலோ கொடுங்கள். "கூரியரில் அனுப்பிவிடுகிறோம்" என்றால் சம்மதிக்காதீர்கள். பார்த்தது ஒன்று, வருவது ஒன்று. யாராவது கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி "ஷாதூஷ் இருக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். திபெத்திய மான்களைக் கொன்று எடுக்கும் முடி அது. சிக்கினால் மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை.

உங்கள் 12,000 ரூபாய்க்கு நான்கு பஷ்மினா வராது. அந்தப் பெயரில் நான்கு வந்தால் நான்கும் போலி. என்னைக் கேட்டால் பஷ்மினாவையே விட்டுவிட்டு ரஃபல் சால்வை கேளுங்கள். அது மெரினோ கம்பளி, அங்கே எல்லாக் கடைகளிலும் இருக்கும். சோஸ்னி என்கிற நுணுக்கமான ஊசி வேலை கொஞ்சமாவது உள்ளதாகப் பாருங்கள். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கவனியுங்கள். கை வேலையில் தையல் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். மெஷின் வேலையில் எல்லாப் பூவும் ஒரே அச்சாக இருக்கும். ஈரோட்டு வெயிலில் நாத்தனார்கள் சால்வையை எத்தனை நாள் போர்த்தப்போகிறார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் காகிதக் கூழ்ப் பெட்டியோ வால்நட் மரச் செதுக்கலோ போதும் என்றால், மிச்சப் பணத்தில் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இன்னும் நல்ல ரஃபலாகவே எடுக்கலாம்.

ஃபேக்டரிக்கு வர மாட்டேன் என்றால் டிரைவர் மறுநாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அவருக்கும் சீசன் சில மாதம்தான். கிளம்புகிற அன்று டிப்ஸைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடுங்கள். எப்படிப் பார்த்தாலும் கமிஷனைவிட அது குறைவு.