அரசியல் அறிவியல் படிக்க லண்டன்: வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. வயது 51. கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். மகள் சென்னையில் பி.ஏ. அரசியல் அறிவியல் முடிக்கப்போகிறாள், நன்றாகப் படிப்பவள். லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 27,500 பவுண்டு. எல்லாம் சேர்த்து 45 லட்சம் ஆகும் என்கிறார் கன்சல்டன்ட். எங்களிடம் வங்கி டெபாசிட் 14 லட்சம், 25 பவுன் நகை, கடனில்லாத சொந்த வீடு இருக்கின்றன. ஐப்பசியில் 5 லட்சம் சீட்டுப் பணம் வரும். மகன் பத்தாம் வகுப்பு. அடமானம் இல்லாமலே 12 சதவீத வட்டிக்கு 40 லட்சம் வரை தர ஒரு நிதி நிறுவனம் தயாராக இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் வட்டி குறையுமே என்கிறார் கணவர். எது நல்லது? 2,000 பவுண்டு முன்பணம் கட்ட மூன்று வாரம்தான் இருக்கிறது.
— திண்டுக்கல் வாசகி

பதில்: சகோதரி, இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். இந்தப் படிப்புக்கு, இந்த வருடம், இரண்டுமே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மகளின் ஆசையில் தவறில்லை, பணம் போகும் வழிதான் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த 45 லட்சம். பவுண்டு 118 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே 32 லட்சத்து 45 ஆயிரம். லண்டனில் அறை வாடகை, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 1,400 பவுண்டு என்பது சிக்கனக் கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு அது 19 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். விசாவுடன் சேர்த்துக் கட்டும் மருத்துவ சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்கும் ஒன்றரை வருடக் கணக்கில் 1,164 பவுண்டாக வாங்கிவிடுவார்கள். விசா கட்டணம், விமான டிக்கெட், அறைக்கு முன்பணம், குளிருக்குத் துணிமணி என்று இன்னும் 2 லட்சம். கூட்டினால் 56 லட்சத்தைத் தொடுகிறது. கன்சல்டன்ட் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணத்தைச் சரியாக எண்ணியிருக்கிறார், மகள் சாப்பிடப்போகிற பணத்தைக் குறைத்து எண்ணியிருக்கிறார். வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாமே என்பார். பார்க்கலாம்தான். ஆனால் ஒரே வருடத்தில் பாடமும் ஆய்வுக் கட்டுரையும் முடிக்க வேண்டிய பிள்ளையின் கடை வேலைச் சம்பளத்தை நான் வரவுப் பக்கம் எழுதமாட்டேன்.

டெபாசிட்டை முழுதாகக் கொடுத்தபிறகும் 42 லட்சம் வேண்டும். சீட்டுப் பணத்தில் 2 லட்சம் போக 40 லட்சம் கடன். 12 சதவீதத்தில் படிப்புக் காலம், அதற்குப் பிறகு ஆறு மாத மாரட்டோரியம், அதாவது தவணை கட்டத் தேவையில்லாத காலம். பணத்தைக் கட்டம் கட்டமாகத் தருவார்கள் என்பதால் அதுவரை சேரும் வட்டி சுமார் 6 லட்சம். ஆக 46 லட்சத்துக்குப் பத்து வருட இ.எம்.ஐ. மாதம் 66,000 ரூபாய். முதல் தவணை வரும்போது உங்களுக்கு 53 வயது, கடைசித் தவணைக்கு 63. நடுவில் 60 வயதில் நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள்தான் என்பதால் மகளுக்கு ஒரு மாதம் தவணை தவறினாலும் ஃபோன் உங்களுக்குத்தான் வரும், சிபில் ஸ்கோரும் உங்களுடையதுதான் இறங்கும்.

கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டைக் காட்டினால் அரசு வங்கியில் ஒன்றரை, இரண்டு சதவீதம் குறையலாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதும் வழக்கம்தான். இ.எம்.ஐ.யில் நான்கைந்தாயிரம் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காகக் கடனில்லாத ஒரே வீட்டைப் பணயம் வைக்கிறோம், மகன் கல்லூரிக்குப் போகும்போது அந்தப் பத்திரம் கையில் இருக்காது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒரு தந்தை, மகனின் கல்விக் கடன் அனுமதிக் கடிதத்தோடு என்னிடம் வந்தார். 30 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது பக்கத்தில், சின்ன எழுத்தில், காப்பீட்டு பிரீமியம் ஒரு லட்சத்துக்கு மேல் கடனோடு சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கும் பத்து வருட வட்டி. பிராசஸிங் ஃபீஸும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் தனி. படிப்புக் காலத்திலேயே வட்டியில் ஒரு பகுதியை மாதாமாதம் கட்ட வேண்டும் என்ற வரியை அவர் பார்க்கவே இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் தாளிலும் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள். ‘வட்டிக்கு வரிச் சலுகை உண்டு’ என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். வருமான வரியில் 80இ பிரிவு என்று நாம் பழகிய அந்தக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் ஒரு ரூபாயும் கிடையாது.

சரி, 66,000 கட்டினாலும் பரவாயில்லை, நல்ல வேலை கிடைத்துவிடுமே என்று கேட்கலாம். இங்கேதான் படிப்பைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் படித்து முடித்தபின் வேலை தேட இரண்டு வருடம் தந்துகொண்டிருந்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். இந்த வருடம் சேர்பவர் படிப்பை முடித்து விண்ணப்பிக்கும்போது புதிய விதிதான் பொருந்தும். அதற்குப் பிறகும் தங்க வேண்டுமானால் முதலாளி ஸ்பான்சர் செய்ய வேண்டும், சம்பளம் பொதுவாக வருடம் 41,700 பவுண்டாவது இருக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. கணினி படித்தவர்களே திணறும் இடம் இது. அரசியல் அறிவியல் முடித்தவர்கள் இயல்பாகப் போகிற இடங்கள் அரசுப் பணி, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம், கொள்கை ஆய்வு நிறுவனம். இவற்றில் பலவற்றுக்கு உள்ளூர் குடியுரிமையோ உள்ளூர்த் தொடர்புகளோ வேண்டும். திரும்பி வந்தால்? டெல்லியில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தவர்கள் என்னிடம் சொன்ன தொடக்கச் சம்பளம் 40,000 முதல் 60,000 வரை. இ.எம்.ஐ. 66,000. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

என் வேலை பணத்தைப் பற்றியது, பாடத்தைப் பற்றியது இல்லை. ஆனால் இந்தத் துறைப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததில் ஒன்று புரிந்தது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒரு வருட முதுகலை என்பது பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கு வருமானம். முனைவர் பட்டம் அப்படியில்லை, அங்கே அவர்கள் செலவு செய்கிறார்கள். அமெரிக்காவில் நல்ல அரசியல் அறிவியல் துறைகள் முனைவர் பட்ட மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஐந்து வருடம் போல மாத உதவித்தொகையும் தருகின்றன. தர்மத்துக்குத் தருவதில்லை, இளநிலை மாணவர்களின் வகுப்பை நடத்தவும் தாள் திருத்தவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். 2025-ல் சில பல்கலைக்கழகங்கள் நிதி நெருக்கடியால் இந்த இடங்களைக் குறைத்தன, போட்டி கூடியிருக்கிறது. இருந்தாலும் வழி அதுதான். அங்கே முதுகலை மட்டும் சொந்தக் காசில் படிக்கப் போனால் இன்னொரு சங்கடம்: பொதுவான அரசியல் அறிவியல் பட்டம் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இல்லை. படிப்புக்குப் பிறகு வேலை பார்க்க 12 மாதம்தான் அனுமதி, பொறியியல் பிள்ளைகளுக்குப் போல 36 மாதம் கிடையாது.

அந்த முனைவர் பட்ட வழிக்கு மகள் இன்று தயாரா? அநேகமாக இல்லை. மூன்று வருட பி.ஏ.வை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் ஏற்காத துறைகள் பல. ஆய்வுக் கட்டுரை மாதிரி ஒன்று கேட்பார்கள். மூன்று பேராசிரியர்கள் அவரை அறிந்து கடிதம் தர வேண்டும். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டும். அரசியல் படிக்கப் புள்ளியியல் எதற்கு என்று நானும் ஒருமுறை கேட்டேன். தேர்தல் முடிவுகளையும் கருத்துக் கணிப்புகளையும் வைத்துத்தான் அங்கே பாதி ஆராய்ச்சி நடக்கிறதாம். இவை எல்லாவற்றுக்கும் இங்கே இரண்டு வருட எம்.ஏ. நல்ல இடம். ஜே.என்.யூ., ஹைதராபாத் பல்கலைக்கழகம், புதுச்சேரி, நமது சென்னைப் பல்கலைக்கழகம் என்று எல்லாவற்றிலும் துறை இருக்கிறது. உங்கள் 14 லட்சத்தில் கால்வாசிகூட ஆகாது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பி.ஜி. தேர்வை மகள் எழுதினாரா என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எழுதியிருந்தால் நாளைக்கே மதிப்பெண்ணை எடுத்துப் பாருங்கள்.

வெளிநாடு இப்போதே போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் ஜெர்மனியைப் பாருங்கள். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோதான். பாடன்-வுர்ட்டெம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆங்கிலத்திலேயே அரசியல் அறிவியல் முதுகலை நடத்தும் மன்ஹைம் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஜெர்மன் விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 105 ரூபாய் என்றால் 12 லட்சத்து 50 ஆயிரம். அந்தப் பணம் யாருக்கும் போய்விடாது, மாதம் 992 யூரோவாக மகளின் கைக்கே திரும்ப வரும். அதில்தான் அவர் சாப்பிடுவார். உங்கள் டெபாசிட்டுக்கும் இந்தத் தொகைக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். முதல் வருடம் கடனில்லாமல் ஓடிவிடும். இரண்டாம் வருடத்துக்கு ஏழரை லட்சத்துக்குள் ஒரு கல்விக் கடன், பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாடு போனால் அதற்கு மேற்பட்ட தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். அது செலவில்லை, வருமான வரி ரிட்டர்னில் சரிசெய்துகொள்ளலாம். தொல்லை மொழிதான். ஆங்கில வழியில் இந்தத் துறைக்கு இடங்கள் குறைவு, மதிப்பெண்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றிதழும் முன்கூட்டியே வாங்க வேண்டும். இந்த வருடச் சேர்க்கைக்கு நேரம் போதாது, அடுத்த வருடத்துக்குத்தான்.

அடுத்த வருடம் என்று பேச்சு வந்துவிட்டதால் உதவித்தொகைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலையில் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ கையில் தருவார்கள், இரண்டு வருடம், இரண்டு மூன்று நாடுகளில் படிப்பு. உலகளாவிய அரசியல், பாதுகாப்பு, பொதுக் கொள்கை சார்ந்த படிப்புகள் அதில் இருக்கின்றன. விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் முடியும். இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் பட்டத்துக்குப் பிறகு 2,800 மணி நேர, அதாவது இரண்டு வருடத்துக்குச் சமமான வேலை அனுபவம் கேட்பார்கள். முடித்தபின் நாடு திரும்பி இரண்டு வருடமாவது இங்கே இருக்கவும் வேண்டும். இதே லண்டன் படிப்பை மகள் 24 வயதில் இலவசமாகப் படிக்கிற வாய்ப்பு அதில் இருக்கிறது. குடும்பம் பட்டியல் இனத்தைச் சேர்ந்ததாக இருந்து வருமான வரம்புக்குள் வந்தால் மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையும் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டமும் உண்டு. அப்படியென்றால் என் கணக்கு முழுவதும் மாறிவிடும், தனியாக எழுதுங்கள்.

இப்போது அந்த மூன்று வாரம். முன்பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கு மகளே ஒரு மின்னஞ்சல் போடட்டும். சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா, முன்பணம் எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்கும், கட்டணத்தில் கழிவு தரும் உதவித்தொகை ஏதாவது மீதம் இருக்கிறதா என்று மூன்றே கேள்வி போதும். கன்சல்டன்ட் மூலமாகக் கேட்க வேண்டாம். அவருக்கு மாணவர் சேர்ந்தால்தான் கமிஷன். ஐம்பது சதவீதத்துக்கு மேல் கழிவு கிடைத்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம். பத்து சதவீதத்துக்குப் ‘ஸ்காலர்ஷிப்’ என்று பெயர் வைத்து அனுப்பினால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

நகையை இதற்குள் இழுக்காதீர்கள். ஐப்பசியில் வரும் சீட்டுப் பணத்தில் ஒரு லட்சத்தை மகளுக்கென்று ஒதுக்குங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கும் ஏ.பி.எஸ்.ஸுக்கும் அமெரிக்க விண்ணப்பங்களுக்கும் அது வேண்டியிருக்கும். விண்ணப்பம் ஒன்றுக்கே பத்தாயிரம் ரூபாய் வரை கேட்பார்கள். ஜெர்மன் படிக்க நினைத்தால் சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் அவர் இங்கிருக்கும்போதே சேரட்டும். மீதி நான்கு லட்சம் மகனுடைய பிளஸ் டூவுக்குப் பிறகான செலவுக்கு. இரண்டரை வருடம்தான் இருக்கிறது என்பதால் அது சாதாரண வங்கி டெபாசிட்டிலேயே இருக்கட்டும், பங்குச் சந்தைப் பக்கம் வேண்டாம்.