துளை போடுவதற்கு முன்: அலமாரிக் குமிழ்கள் பற்றி வாசகர் கேள்விகள்

சமையலறைக் கதவுகளில் குமிழை நடுவில் வைத்தால்தான் அழகு என்கிறார் எங்கள் ஆசாரி. சரியா?

வேண்டாம். கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இழுக்கிறோமோ, அவ்வளவு இலேசாகக் கதவு திறக்கும். ஆகவே கீலுக்கு எதிர் ஓரத்தில் வையுங்கள். மேடைக்குக் கீழே உள்ள கதவுக்கு மேல் மூலை, தலைக்கு மேலே உள்ளதற்குக் கீழ் மூலை. விளிம்பிலிருந்து இரண்டு, இரண்டரை அங்குலம் போதும்.

துளை போடுவதற்கு முன் குமிழை மாஸ்கிங் டேப்பால் கதவில் ஒட்டி வைத்து, தினமும் அங்கே சமைப்பவரை நின்று கை நீட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உயரத்துக்குத்தான் குமிழ், வரைபடத்துக்கு அல்ல. விரல் மூட்டுகளில் வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் குமிழே வேண்டாம். நான்கு விரலும் உள்ளே போகிற கைப்பிடி போடுங்கள்.

மைக்கா ஒட்டிய பிளைவுட்டில் துளை போட்டேன். முன்பக்கம் பிய்ந்துவிட்டது. எங்கே தவறு?

உள்பக்கத்திலிருந்து துளைத்திருப்பீர்கள். மெஷினில் மாட்டும் துளையிடு முனை, அதாவது பிட், வெளியேறும் பக்கம்தான் பிய்யும். எனவே கண்ணுக்குத் தெரியும் முகத்திலிருந்து தொடங்குங்கள். பின்னால் ஒரு கழிவுக் கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் உள்பக்கமும் பிழைக்கும்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: சுவரில் துளையிட்ட அதே பிட்டையா மாட்டினீர்கள்? பல வீடுகளில் பார்த்துவிட்டேன், வேதனையாக இருக்கிறது. சுவர் பிட் மரத்தை அறுக்காது, நசுக்கிக் கிழிக்கும். மெஷின் ஹேமரில், அதாவது இடித்துத் துளைக்கும் நிலையில், இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முறை இதுதான். குறிக்கும் இடத்தில் டேப் ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறியுங்கள். ஆணி முனையால் பொட்டு வைத்தால் பிட் வழுக்காது. முதலில் 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. குமிழோடு வரும் திருகு பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன்தான், அந்த ஒரு மி.மீ. இடைவெளி சிறு பிழையைச் சரிக்கட்ட உதவும். பிட் மறுபக்கத்தை நெருங்கும்போது மெஷினின் ஓசை மாறும். அந்த நொடியில் கையின் அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள்.

பத்துக் கதவு இருந்தால் பத்து முறை அளக்காதீர்கள். துண்டுப் பிளைவுட்டில் இரண்டு பக்கம் சட்டம் அடித்து ஒரு துளை போட்டு, அதையே ஒவ்வொரு கதவின் மூலையிலும் மாட்டிக் குறியுங்கள். வலக் கதவுக்கு அதைத் திருப்பிப் பிடிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இழுப்பறைக்குத் திருகு எட்டவில்லையே?

இழுப்பறையில் பலகை இரண்டு: பெட்டியின் முகம், அதன்மேல் அலங்கார முகம். ஒன்று 16, மற்றது 18 மி.மீ. என்றால் சேர்த்து 34. குமிழுக்குள் ஆறு மி.மீ. ஏற வேண்டும்; 40 மி.மீ. திருகு வாங்குங்கள். கதவுக்கு 25 சரி. நீளம் கூடினாலும் கெடுதல்தான்: திருகு அடியில் முட்டி நின்றுவிடும், குமிழ் பலகையில் பதியாமல் ஆடும்.

பழைய கைப்பிடியின் துளைகளுக்கு இடையே 96 மி.மீ.; பிடித்த புதியதற்கு 128. என்ன செய்வது?

96-லேயே வேறு வடிவம் தேடுங்கள். மைக்காவில் அடைத்த துளை கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

தாத்தா காலத்துத் தேக்கு பீரோவில் பித்தளைக் குமிழ் கழன்று கழன்று வருகிறது. பெரிய திருகு போடலாமா?

கூடாது. பழைய தேக்கு ஓரத்தில் வெடித்துவிடும். மூங்கில் குச்சியைச் சன்னமாகச் சீவி, ஃபெவிகாலில் தோய்த்து, துளை நிறையும் வரை நெருக்கமாக இறக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, துருத்தி நிற்பதை உளியால் மட்டமாக எடுத்துவிட்டு, நடுவில் 2 மி.மீ. துளை போட்டுப் பழைய திருகையே முடுக்குங்கள். குமிழைக் கழற்றியிருக்கும்போதே புளி தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். மாட்டிய பின் தேய்த்தால் புளித்தண்ணீர் தேக்கில் கறையாக இறங்கும்.